அப்பச்சி வீட்டுக் கணக்கும் ரத்தக் கணக்கும்: புற்றுநோய் மரபணுப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

"உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் வந்திருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் "இல்லை" என்றேன். அது 2019, தை மாதம். தங்கச்சிக்கு 41 வயது. இடது மார்பில் கட்டி, பயாப்சி முடிவு என் கையில். கண்டனூர் வீட்டில் ஐயா (அப்பாவின் அப்பா) 88 வயது வரை இருந்தார், அப்பத்தா 91. இரண்டு பேருக்கும் சர்க்கரைகூடக் கிடையாது. அந்தத் தெம்பில் சொன்ன பதில்.

தப்பான பதில். எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, அந்த வீட்டில் பிறந்தவர் இல்லை. ஒன்பது வயதில் கோனாபட்டுப் பங்காளி வீட்டிலிருந்து சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொண்டு வந்தவர். பங்காளி என்றால் ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னால் ஒரே வீடாக இருந்திருக்கலாம். மற்றபடி அந்த 88-க்கும் 91-க்கும் தங்கச்சியின் ரத்தத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வீட்டில் யாரும் பேசுவதில்லை, அதனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

நான் ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில் 26 வருடம் கணக்கு எழுதியவள். மருத்துவம் படித்ததில்லை. ஆனால் தங்கச்சிக்காகவும் அப்புறம் எங்கள் எல்லோருக்காகவும் அலைந்ததில் ஒன்று புரிந்தது: இந்தப் பரிசோதனையில் ஊசி குத்துவது இரண்டு நிமிடம், மற்றதெல்லாம் கணக்கு வேலை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

யாருக்கு வேண்டும்

புற்றுநோய்கள் நூற்றில் ஐந்திலிருந்து பத்து வரைதான் பரம்பரையாக வருபவை. ஆகவே சொந்தத்தில் ஒருவருக்கு வந்துவிட்டது என்பதற்காக எல்லோரும் ரத்தம் கொடுக்க ஓட வேண்டாம். எங்கள் ஆத்தாவின் (அம்மாவின்) அம்மாவுக்கு, அதாவது எங்கள் ஆயாவுக்கு, 74 வயதில் கன்னத்தில் புற்று வந்தது. வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து ஐம்பது வருடம் அடக்கியவள். அதற்கு மரபணுவைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு. 50 வயதுக்குள் மார்பகப் புற்று. எந்த வயதிலும் சினைப்பைப் புற்று. இரண்டு மார்பிலும் தனித்தனியாக வந்தது. ஆணுக்கு வந்த மார்பகப் புற்று. அறிக்கையில் 'டிரிபிள் நெகட்டிவ்' என்று எழுதியிருக்கும் வகை (தங்கச்சிக்கு அதுதான்). கணையப் புற்று. 50 வயதுக்குள் பெருங்குடலிலோ கருப்பையிலோ வந்தது. குடும்பத்தின் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்தது. இதில் ஒன்று இருந்தாலும், மரபணு ஆலோசனைக்கு அனுப்புங்கள் என்று நீங்களே டாக்டரிடம் கேட்கலாம். எங்கள் டாக்டர் தானாகவே சொன்னார். எல்லோரும் சொல்வதில்லை.

வம்சப் படம் வரைவது

ஆலோசகர் முதலில் கேட்பது இதைத்தான். மூன்று தலைமுறை வேண்டும், அப்பச்சி பக்கம், ஆத்தா பக்கம் இரண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவரை உள்ளே கறுப்பாக நிரப்ப வேண்டும். இறந்தவர் மேல் ஒரு குறுக்குக்கோடு. யாரை வைத்து விசாரணை தொடங்கியதோ அவருக்கு ஓர் அம்புக்குறி. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு. நம் பக்கத்தில் இந்த இரட்டைக் கோடு நிறைய வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடாமல் போடுங்கள். உறவுக்குள் கல்யாணம் செய்த இருவருமே பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் (மார்பக, சினைப்பைப் புற்றோடு சம்பந்தப்பட்டது, பின்னால் சொல்கிறேன்) பிழையைச் சுமந்தால், பிள்ளைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற அரிய நோய் வர வாய்ப்பு உண்டு. ஆலோசகருக்கு அது தெரிய வேண்டும்.

நகரத்தார் வீட்டில் இந்தப் படம் சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். கோயில் புள்ளிக் கணக்கு (குலக்கோயிலில் குடும்பங்களைப் பதியும் கணக்கு) இருக்கிறது, இசைகுடிமானம் (கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தம்) இருக்கிறது, மொய் நோட்டு இருக்கிறது, பெட்டகத்தில் பாதி காகிதம்தான். உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் ஆண் வழிக் கணக்கு. கல்யாணம் ஆனதும் பெண் புருஷன் கோயிலுக்குப் போய்விடுகிறாள். பிறந்த வீட்டுக் கணக்கில் அவள் பிள்ளை பெற்றதும் தெரியாது, என்ன நோயில் போனாள் என்பதும் தெரியாது. நமக்கு வேண்டியதோ அவள்தான். கட்டிக்கொடுத்துவிட்ட அத்தைமார், பெரிய அத்தையின் பெண்கள், ஆத்தாவின் அக்கா தங்கச்சிகள் என்று ஒவ்வொரு பெயராக எழுதி, எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்று பக்கத்தில் குறித்து, அந்த ஊருக்கு யார் போவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவீகாரம். பிள்ளை கூட்டி வந்தவர் என்றால் படத்தில் அவரை அடைப்புக்குறிக்குள் போட்டு, வளர்த்த வீட்டுக்குப் புள்ளிக்கோடும் பெற்ற வீட்டுக்கு முழுக்கோடும் இழுக்க வேண்டும். நம் ஊர்களில் சில வீட்டில் இரண்டு தலைமுறை தொடர்ந்து கூட்டியிருப்பார்கள். பெரியவர்களிடம் இதைக் கேட்பது சங்கடம்தான். "பெத்த வீடு எது ஆச்சி?" என்று நேரே கேட்டால் முகம் மாறிவிடும். நான் சுற்றிவளைத்துக் கேட்டேன். கோனாபட்டில் அப்பச்சியைப் பெற்ற அப்பத்தாவுக்கு எத்தனை பிள்ளை, யார் யார் எங்கே போனார்கள் என்று பழைய கல்யாணக் கதை கேட்பதுபோல் ஆரம்பித்தால் தானாக வருகிறது.

அப்படித்தான் அத்தை வந்தாள். அப்பச்சியின் உடன்பிறந்த தங்கை, தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். நான் சிறுமியாக இருந்தபோது ஒரே ஒரு முறை பார்த்ததாக நினைவு. என்ன நோயில் போனாள் என்று கேட்டதற்கு ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது: "மகோதரம்."

இந்தப் பழைய சொற்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மகோதரம் என்றால் வயிற்றில் நீர் கோத்து வீங்குவது. கல்லீரல் கெட்டாலும் வீங்கும், சினைப்பைப் புற்று முற்றினாலும் வீங்கும். ஆணுக்குச் சொன்னால் முதலில் அவர் குடித்தாரா என்று கேளுங்கள். நாற்பது சொச்சத்தில் இறந்த பெண்ணுக்குச் சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். 'பெரும்பாடு' என்பது அதிக ரத்தப்போக்கு. மாதவிடாய் நின்ற பிறகு வந்ததா என்று கேட்க வேண்டும், கருப்பைப் புற்றாக இருக்கலாம். 'ராஜபிளவை' என்று கேட்டதும் புற்று என்று எழுதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் சர்க்கரை நோயாளி முதுகில் வரும் சீழ்க்கட்டி. 'வயிற்று வலியில் போனார்' என்பதில் ஒன்றுமே தெரியாது, கேள்விக்குறி போட்டு விட்டுவிடலாம்.

வயது அதைவிடச் சிக்கல். இறந்த வயது போதாது, நோய் தொடங்கிய வயது வேண்டும். பெரியவர்களுக்கு வருடம் நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். அத்தை எப்போது பிறந்தாள் என்று கேட்டபோது, கோனாபட்டு ஆச்சி ஒருவர் சொன்னது இது: "ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான்னு சேதி வந்தப்ப இவ பொறந்து பதினாறாம் நாள்." ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. இறந்தது எம்.ஜி.ஆர். போன அதே மார்கழி, 1987. ஆக 46 வயது. அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே வயிறு உப்ப ஆரம்பித்துவிட்டதாம். அப்படியானால் 44. இப்படிக் கழித்துக் கூட்டினால் போதும், ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆனால் பரவாயில்லை. மணிவிழா நடந்ததா, கும்பகோணம் மகாமகத்துக்குப் போனாரா, 1980-லா 1992-லா என்றெல்லாம் கேட்டால் கணக்கு பிடிபடும்.

சொல் ஒன்று, காகிதம் ஒன்று. காகிதம் கிடைத்தால் விடாதீர்கள். அத்தை மகள் வீட்டில், வெள்ளிச் சாமான் ரசீதுகளோடு, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி கொடுத்த பழைய தாள் ஒன்று இருந்தது. பாதி கறையான். 'ஓவரி' (சினைப்பை) என்ற சொல்லும் அதற்கு முன்னால் 'வலது' என்பதும் படிக்க முடிந்தது. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. பழைய பயாப்சி அறிக்கை, டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆஸ்பத்திரி ஃபைல் எண் எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். திசுவை மெழுகில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. எண் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கே போவது

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்று தனியாகப் பார்க்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது அது. வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறை இருக்கிறது. பெரிய நகரங்களில் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் ஆலோசகர்கள் வந்துவிட்டார்கள். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் அன்றைக்கே பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முன்பதிவு செய்து, முதல் நாளே போய்த் தங்கி, மறுநாள் காலை பாருங்கள். களைத்துப்போய் உட்கார்ந்தால் காதில் ஒன்றும் ஏறாது. தொலைபேசியிலோ வீடியோவிலோ முதல் ஆலோசனை முடியுமா என்றும் கேளுங்கள்.

ஆலோசனை எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆலோசகர் சின்னப் பெண், என் அண்ணன் மகள் வயதுதான் இருக்கும். படத்தை வாங்கி மேசையில் விரித்து, "இவ்வளவு சரியா யாரும் கொண்டுவந்ததில்லை அம்மா" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவள் விளக்கியதை நான் என் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதி. ஒன்று அப்பச்சி கொடுத்தது, ஒன்று ஆத்தா கொடுத்தது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்பவை உடம்பில் எழுத்துப்பிழை பார்க்கிற மரபணுக்கள், பேரேடு சரிபார்க்கும் ஆள் மாதிரி. அந்த ஆளே பிழையோடு பிறந்தால் மற்ற பிழைகள் தப்பித்துவிடும். பிழையுள்ள பிரதி பிள்ளைக்குப் போகுமா என்பது பூவா தலையா. நாலு பிள்ளை இருந்தால் இரண்டு பேருக்குப் போகும் என்று கணக்கு இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சுண்டுகிறது. ஆணும் சுமப்பான், ஆணும் கொடுப்பான். இதை ஐந்து முறையாவது சொல்லியிருப்பேன் எங்கள் சொந்தத்தில்.

அவள் கேட்ட இன்னொரு கேள்விக்கு நாங்கள் தயாராகப் போகவில்லை. "இருக்குன்னு வந்தா என்ன செய்வீங்க? யாருக்கெல்லாம் சொல்வீங்க?" ரயிலிலேயே இதைப் பேசிக்கொண்டு போங்கள். தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். படிவத்தில் கேட்டதை மறைக்காதீர்கள்.

முதலில் யார் ரத்தம்

நோய் வந்தவருடையது. நம்மில் பலர் நேர்மாறாகச் செய்கிறோம். நோய் வந்தவர் பாவம், அவரை ஏன் படுத்துவது என்று நல்லா இருக்கிறவர் போய்க் கொடுக்கிறார். அவருக்கு 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது. குடும்பத்தில் பிழையே இல்லையா, இவருக்கு மட்டும் வராமல் போனதா என்று தெரியாது. நோய் வந்தவரிடம் பிழை இன்ன இடத்தில் என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். செலவும் குறைவு. தங்கச்சிக்கு நாங்கள் அன்று கொடுத்தது 18,000 ரூபாய், எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு 4,000.

வெறும் வயிறு தேவையில்லை. கையில் ஒரு சின்னக் குழாய் ரத்தம், சில இடங்களில் எச்சில். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ எப்போதாவது எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். லேபில் இரண்டு கேள்வி கேளுங்கள். பிஆர்சிஏ மட்டும் பார்க்கிறீர்களா, பல மரபணுக்களைச் சேர்த்தா? மரபணுவில் பெரிய துண்டே விடுபட்டிருப்பதையும் பார்ப்பீர்களா? சில வகைப் பரிசோதனையில் ஒரு எழுத்து மாறியது தெரியும், பக்கமே கிழிந்திருந்தால் தெரியாது. கட்டியின் திசுவில் செய்யும் பரிசோதனையும் ரத்தத்தில் செய்வதும் வேறு வேறு. பரம்பரை தெரிய வேண்டுமென்றால் ரத்தம். ஆன்லைனில் வாங்கி எச்சில் துப்பி அனுப்பும் பெட்டிகளை நான் நம்புவதில்லை. அவற்றில் சில, தெரிந்த ஆயிரக்கணக்கான பிழைகளில் கொஞ்சத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்ல சேதி சொல்பவை.

அறிக்கை வந்ததும்

மூன்று வாரம் சொன்னார்கள், ஐந்து வாரம் ஆனது. தங்கச்சிக்கு பிஆர்சிஏ1-இல் பிழை இருந்தது. அண்ணனுக்கும் அதே பிழை. எனக்கு இல்லை. குடும்பத்துப் பிழை தெரிந்த பிறகு 'இல்லை' என்று வருவது உண்மையான இல்லை. சராசரிப் பெண்ணுக்கு உள்ள ஆபத்துதான் எனக்கும், என் பிள்ளைகளுக்கு என் வழியாக அது போகாது. அன்று ராத்திரி தங்கச்சி பக்கத்தில் படுத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள்தான், "ஒருத்திக்காவது இல்லையே, போ" என்றாள்.

'இருக்கிறது' என்றால் புற்றுநோய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பெரிய ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, பிஆர்சிஏ1 பிழை உள்ள பெண்கள் நூறு பேரில் 80 வயதுக்குள் 72 பேருக்கு மார்பகப் புற்றும் 44 பேருக்குச் சினைப்பைப் புற்றும் வருகிறது. பிஆர்சிஏ2 என்றால் 69, 17. என்ன செய்யலாம் என்பது வயதைப் பொறுத்தது. 25 வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை மார்பு எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும். பிள்ளைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35–40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். சினைப்பைப் புற்றை முன்கூட்டியே காட்டும் நம்பகமான சோதனை கிடையாது என்பதுதான் காரணம். மார்பை எடுப்பது அவரவர் விருப்பம். ஆண்கள் மார்பைத் தடவிப் பார்த்துக்கொள்ளவும் 40-க்கு மேல் புராஸ்டேட் பற்றி டாக்டரிடம் பேசவும் வேண்டும். சிகிச்சையில் இருப்பவருக்கும் இந்த முடிவு உதவும். ஓலாபரிப் போன்ற மருந்துகள் இந்தப் பிழை உள்ளவர்களுக்கென்றே இருக்கின்றன.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வரும்: 'வியூஎஸ்'. ஏதோ மாறியிருக்கிறது, கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்று பொருள். உறவில் ஒரு பெண் ஆலோசனை இல்லாமல் ஒரு லேபில் தானாகவே ரத்தம் கொடுத்தாள். முடிவு பிடிஎஃப் ஆக ஃபோனில் வந்து விழுந்தது, ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. உள்ளே ஒரு வியூஎஸ். கருப்பையை எடுக்கத் தேதியே வாங்கிவிட்டாள். பிடித்து இழுத்து ஆலோசகரிடம் உட்காரவைத்தோம். வியூஎஸ்ஸை வைத்து எந்த அறுவையும் முடிவு செய்யக் கூடாது, சொந்தங்களைச் சோதிக்கவும் கூடாது. பெரும்பாலானவை பின்னால் கெடுதல் இல்லாதவை என்றே மாறுகின்றன. அறிக்கையைப் பத்திரமாக வைத்து, ஓரிரு வருடம் கழித்து மறுபடி கேளுங்கள்.

சொந்தங்களுக்குச் சொல்வது

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். நல்ல எண்ணத்தில் ஒரு சித்தப்பா தங்கச்சியின் அறிக்கையைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 140 பேர். அண்ணன் மகளுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வந்துகொண்டிருந்த ஒரு ஜாதகம் நின்றுபோனது. அறிக்கை அதற்குரியவருக்கு மட்டும் சொந்தம். அவர் அனுமதி இல்லாமல் பெயரைச் சொல்லாமல்கூடப் பேசாதீர்கள், நம் ஊரில் பெயர் தானாகக் கண்டுபிடிக்கப்படும். கல்யாணத்தில் எப்போது சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு என் கருத்து: தரகரிடமும் ஜாதகத்திலும் வேண்டாம், கட்டிக்கப்போகும் பையனிடம் பெண்ணே நிச்சயத்துக்கு முன்னால் சொல்லட்டும். எங்கள் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பெண், அவர் பாடு.

நான் அதன்பின் கடிதம் எழுதினேன், ஆளுக்கு ஒன்றாக, கோனாபட்டு வழி ரத்த சொந்தங்களுக்கு மட்டும். தங்கச்சியின் சம்மதத்தோடு. வாசகம் இதுதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"சிவமயம். அன்புள்ள ஆச்சிக்கு, எல்லோரும் நலம். எங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்த புற்றுநோய் பரம்பரையானது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இது ஆண் வழியாகவும் வரும், பெண் வழியாகவும் வரும். உங்களுக்கு இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால் பிழையின் பெயரும் இடமும் எழுதிய தாளை அனுப்புகிறேன், அதைக் காட்டினால் சின்னப் பரிசோதனை போதும். விருப்பம் இல்லாவிட்டால் பதில் வேண்டாம். இந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்."

பதினோரு கடிதம் போட்டேன். ஏழு பேர் தாள் கேட்டார்கள். அத்தை மகள்தான் முதலில் போய்க் கொடுத்தாள். பினாங்கிலிருந்து ஒரு அண்ணன் ஃபோன் செய்து, "ஏத்தா, எனக்கு மூணும் ஆம்பளப் பிள்ளை, நாங்க எதுக்குப் பார்க்கணும்?" என்றார். அவருக்கு மட்டும் அந்தக் கடிதத்தை மறுபடி எழுதி, மூன்றாவது வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறேன்.